நிலாவின் பெயர் கொண்ட நிரல்மொழி - லுவாவின் கதை

கணினி நிரல்மொழிகள் பிறந்த இடங்களைப் பட்டியல் போட்டால், அது பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பட்டியலாகவே இருக்கும். சி மொழி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஜாவா சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. பைதான் நெதர்லாந்தில், ரூபி ஜப்பானில். இந்த வரிசையில் சற்றும் எதிர்பாராத ஓர் ஊர் உண்டு. அது பிரேசில் நாட்டின் ரியோ தி ஜனைரோ. அங்கே 1993-ஆம் ஆண்டு பிறந்த மொழிதான் லுவா. போர்த்துக்கீசிய மொழியில் லுவா என்றால் நிலா என்று பொருள். சிலர் இதை ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று நினைத்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். அது தவறு. லுவா ஒரு பெயர், சுருக்கம் அல்ல.

லுவாவைக் கற்க உட்காரும் மாணவருக்கு முதல் இரண்டு நாட்கள் திருவிழாதான். இலக்கணம் மிகச் சிறியது. வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க வேண்டாம். வேரியபிளுக்கு முன்பே வகை சொல்ல வேண்டாம். ஒரு வார இறுதியில் அடிப்படைகளை முடித்துவிடலாம். மூன்றாம் நாள்தான் சிக்கல் வருகிறது. ஒரு கோப்புறைக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன் லுவாவில் இல்லை! காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரு வரியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கும் தனி ஃபங்ஷன் இல்லை. இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை இறக்க வேண்டும். இல்லவே இல்லை. பைதானில் இவை எல்லாம் மொழியோடு சேர்ந்தே வரும். "இது என்ன மொழி, பாதியில் விட்டுவிட்டார்களா?" என்று கேட்கத் தோன்றும்.

பாதியில் விடவில்லை. லுவாவில் இல்லாதவை பெரும்பாலும் காரணத்தோடுதான் இல்லை. அந்தக் காரணங்களைத் தேடிப் போனால், கணினி அறிவியலைவிடப் பிரேசிலின் வணிகச் சட்டமும் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் தேவையும்தான் முதலில் எதிர்ப்படுகின்றன.

மூடிய கதவு

1977 முதல் 1992 வரை பிரேசிலில் கணினித் துறைக்கென ஒரு பாதுகாப்புக் கொள்கை இருந்தது. "சந்தை ஒதுக்கீடு" என்று அதைச் சொல்லலாம். கணினிகளையும் மென்பொருள்களையும் பிரேசிலே தயாரிக்க முடியும், தயாரிக்க வேண்டும் என்ற தேசிய உணர்வு அதன் அடிப்படை. வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்க வேண்டும் என்றால், அந்த வேலையைச் செய்யக்கூடிய உள்நாட்டு நிறுவனம் எதுவும் இல்லை என்று நிரூபிக்க நீண்ட அலுவலக நடைமுறை ஒன்றைக் கடக்க வேண்டும். லைசன்ஸ் ராஜ் காலத்து இந்தியாவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

இந்தக் கொள்கை நல்லதா கெட்டதா என்ற விவாதம் இருக்கிறது. விலை கூடியது, நல்ல கருவிகள் தாமதமாக வந்தன என்பது ஒரு பக்கம். ஆனால் வாங்க முடியாதபோது செய்துதான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் சில இடங்களில் திறமையை வளர்த்தது என்பதும் உண்மை. அப்படி வளர்ந்த இடங்களில் ஒன்று, ரியோ தி ஜனைரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட டெக்கிராஃப் என்ற கணினி வரைகலைக் குழு. பல்கலைக்கழகத்துக்குள் இருந்தாலும் இது வெளி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த குழு. அதன் முக்கிய வாடிக்கையாளர் பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ்.

பெட்ரோபிராஸ் பொறியாளர்களிடம் பழைய கணிப்பு நிரல்கள் பல இருந்தன. அவற்றுக்கு உள்ளீடு கொடுப்பது பெரிய தலைவலி. வெறும் எண்களை வரிசையாக, இந்த எண் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஒரு கோப்பில் எழுத வேண்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கோப்பில் எங்கும் இருக்காது. ஓர் இடம் தள்ளிப் போனால் எல்லாம் போச்சு. இதைச் சரிசெய்ய, படங்களைக் காட்டி எண்களைக் கேட்டு வாங்கும் முகப்பு நிரல்களை டெக்கிராஃப் செய்து தர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணிப்பு நிரலுக்கும் ஒரு முகப்பைத் தனியாக எழுதுவதைவிட, முகப்புகளை விவரிக்க ஒரு சிறு மொழியை உருவாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு டெல் என்று பெயர். தரவு உள்ளீட்டு மொழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

ஏறக்குறைய அதே நேரத்தில் இன்னொரு வேலையும் வந்தது. நிலத்தடிப் பாறை அடுக்குகளின் விவரங்களை அறிக்கைகளாக வரைந்து காட்டும் நிரல் அது. ஒவ்வொரு பயனரும் தமக்கு வேண்டியபடி அறிக்கையின் அமைப்பை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அதற்காகவும் ஒரு சிறு மொழி உருவானது. அதன் பெயர் சோல். எளிய பொருள் மொழி என்பதன் சுருக்கம். போர்த்துக்கீசியத்தில் சோல் என்றால் சூரியன்.

1993-இன் நடுவில் இந்த இரண்டு வேலைகளிலும் இருந்த மூவர் உட்கார்ந்து பேசினார்கள். ரொபெர்த்தோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே தெ ஃபிகெய்ரேதோ, வால்தெமார் செலெஸ் ஆகியோர் அந்த மூவர். டெல் மொழியைப் பயன்படுத்தியவர்கள் நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நிபந்தனை வேண்டும், சுற்று வேண்டும் என்று கேட்டார்கள். அதாவது அவர்கள் ஒரு முழு நிரல்மொழியையே கேட்டார்கள். அப்படியானால் இரண்டு அரைகுறை மொழிகள் எதற்கு? இரண்டையும் தூக்கிவிட்டு முழுமையான ஒன்றைச் செய்யலாம் என்று முடிவானது. சூரியனுக்குப் பதில் வந்த மொழி என்பதால், டெக்கிராஃப் நண்பர் ஒருவர் சொன்ன "நிலா" என்ற பெயரே நிலைத்தது.

அப்போது வேறு மொழிகளே இல்லையா என்று கேட்கலாம். டிசிஎல் இருந்தது. ஆனால் அதன் எழுத்துமுறை பழக்கமில்லாதது, அன்று அது யூனிக்ஸில் மட்டுமே ஓடியது. லிஸ்ப் குடும்ப மொழிகளில் அடைப்புக்குறிக் கூட்டத்தைப் பார்த்தே பயனர்கள் ஓடிவிடுவார்கள். பைதான் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. டெக்கிராஃபின் வாடிக்கையாளர்களோ விதவிதமான கணினிகளை வைத்திருந்தார்கள். எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்றால், எங்கும் கிடைக்கும் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் மட்டும் எழுத வேண்டும். இந்த ஒரே முடிவு பின்னால் எவ்வளவு தூரம் போனது என்பதை இனிப் பார்ப்போம்.

எல்லாமே டேபிள்

லுவாவின் முதல் பயனர்கள் தொழில்முறை நிரலாளர்கள் அல்லர். பொறியாளர்கள், நிலவியலாளர்கள். ஆகவே மொழி எளிமையாக இருக்க வேண்டியிருந்தது. இன்று லுவா அடிப்படைகளைக் கற்பவர் சந்திக்கும் ஒவ்வொன்றிலும் இந்தத் தொடக்கத்தின் தடம் தெரிகிறது.

மிக முக்கியமானது டேபிள். மற்ற மொழிகளில் அணி, பட்டியல், அகராதி, கணம், வகுப்பு என்று பல பெயர்களில் வருபவை எல்லாம் லுவாவில் ஒன்றே ஒன்றுதான். ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பெட்டி. பெயருக்குப் பதில் 1, 2, 3 என்று எண்களைக் கொடுத்தால் அதுவே பட்டியல். பெயர்களுக்கு எதிரே ஃபங்ஷன்களை வைத்தால் அதுவே லைப்ரரி. ஒரு டேபிளில் தேடிக் கிடைக்காததை இன்னொரு டேபிளில் தேடு என்று சொல்லிவைத்தால், அதுவே மரபுரிமை கொண்ட பொருள்நோக்கு நிரலாக்கம். கடைசியாகச் சொன்ன வசதி ஒரே நாளில் வந்ததல்ல. 1995-இல் வெளிவந்த 2.1 பதிப்பில் "ஃபால்பேக்" என்று தொடங்கி, 1997-இல் 3.0 பதிப்பில் உருமாறி, 2003-இல் 5.0 பதிப்பில்தான் இன்று நாம் பார்க்கும் மெட்டாடேபிள் ஆனது. புதிதாகக் கற்பவர்கள் மெட்டாடேபிளைப் பார்த்து மிரள்வது வழக்கம். பத்து ஆண்டுகளாகச் செதுக்கியதைப் பத்து நிமிடத்தில் விழுங்கப் பார்த்தால் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

பட்டியலின் முதல் உறுப்பு 1 என்ற எண்ணில் தொடங்குவது இன்னொரு புகழ்பெற்ற விஷயம். சி மொழியும் அதன் வாரிசுகளும் 0-இலிருந்து எண்ணுகின்றன. அவற்றிலிருந்து வருபவர்கள் லுவாவைத் திட்டாமல் இருப்பதில்லை. ஆனால் பொறியாளர்கள் நெடுங்காலம் புழங்கிய ஃபோர்ட்ரான் 1-இலிருந்துதான் எண்ணியது. சாதாரண மனிதர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இதில் லுவாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்லத் தக்கது வேறொன்று. "லோக்கல்" என்று முன்னால் எழுதாவிட்டால் எந்த வேரியபிளும் நிரல் முழுவதற்கும் பொதுவானதாகிவிடும். எழுத்துப்பிழையோடு ஒரு பெயரை எழுதினால் பிழைச்செய்தி வராது, "நில்" என்ற வெற்று மதிப்பு அமைதியாக வந்து நிற்கும். பத்து வரி எழுதும் நிலவியலாளருக்கு இது வசதி. பத்தாயிரம் வரி எழுதுபவருக்கு இது கண்ணிவெடி. லுவா கற்பவர் முதல் நாளிலேயே பழக வேண்டியது, எல்லாவற்றுக்கும் முன்னால் லோக்கல் போடுவது.

ஒரு கட்டுரையும் ஒரு விளையாட்டும்

1994-இல் வெளிவந்த 1.1 தான் பொதுமக்களுக்குக் கிடைத்த முதல் பதிப்பு. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், வணிகப் பயன்பாட்டுக்குப் பேசித் தீர்க்க வேண்டும் என்று நிபந்தனை. விளைவு? ஒரு வணிக ஒப்பந்தம்கூட ஏற்படவில்லை. போட்டி மொழிகள் இலவசமாகக் கிடைக்கும்போது, முகம் தெரியாத பிரேசில் மொழிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அடுத்த பதிப்பிலேயே, 1995-இல், நிபந்தனையை நீக்கி அனைவருக்கும் இலவசம் என்றாக்கினார்கள். லுவாவின் வரலாற்றில் மிகச் சரியான முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

1996 டிசம்பரில் "டாக்டர் டாப்ஸ் ஜர்னல்" என்ற அமெரிக்க நிரலாளர் இதழில் லுவாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் லூகாஸ்ஆர்ட்ஸ் விளையாட்டு நிறுவனத்தின் பிரெட் மொகிலெஃப்ஸ்கி. அந்த நிறுவனம் தன் சாகச விளையாட்டுகளுக்கு ஸ்கம் என்ற சொந்த மொழியைப் பயன்படுத்திவந்தது. அதன் இடத்தில் அவர் லுவாவைக் கொண்டுவந்தார். 1998-இல் வெளியான "கிரிம் ஃபான்டாங்கோ" விளையாட்டு லுவாவில் இயங்கியது. எண்ணெய்க் கிணற்றுக்காகச் செய்த மொழி விளையாட்டு உலகத்துக்குள் நுழைந்த கதை இது. பிறகு கேட்கவா வேண்டும்? 2004-இல் வந்த "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்" விளையாட்டில், ஆடுபவர்களே தங்கள் திரையை மாற்றிக்கொள்ள லுவாவில் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். நிரலாக்கம் என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ பிள்ளைகள் அதற்காக லுவா கற்றார்கள். பின்னாளில் ரோப்லாக்ஸ் அதே வேலையைச் செய்தது.

விளையாட்டு நிறுவனங்களுக்கு லுவா ஏன் பிடித்தது? எண்ணெய்ப் பொறியாளர்களுக்குப் பிடித்த அதே காரணங்கள்தான். சிறியது. சி எங்கே ஓடுமோ அங்கே ஓடும். வேறொரு நிரலுக்குள் வாடகைக்குக் குடிவரத் தயங்காது. 2020-இல் வந்த 5.4 பதிப்பின் மூலநிரல்கூட ஏறத்தாழ 30,000 வரிதான். எல்லா அடிப்படை லைப்ரரிகளோடும் சேர்த்து 300 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு நல்ல புகைப்படம் இதைவிட அதிக இடம் பிடிக்கும்!

இந்த ஒல்லியான உடம்பைக் காப்பாற்றியது அந்த மூவரின் ஒரு பழக்கம். புதிய வசதி எதையும் மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். ஒருவருக்கு ஐயம் இருந்தாலும் ஒத்திவைப்பார்கள். பிறகு சேர்த்துக்கொள்வது எளிது, சேர்த்ததை நீக்குவதுதான் கடினம் என்பது அவர்கள் கணக்கு.

காலியான அலமாரி

இப்போது மூன்றாம் நாள் சிக்கலுக்கு வரலாம். கோப்புறையைப் பட்டியலிட லுவாவில் ஏன் வழியில்லை? தரப்படுத்தப்பட்ட சி மொழியில் அதற்கு வழியில்லை, அதனால் லுவாவிலும் இல்லை. அவ்வளவுதான். விண்டோஸில் அது ஒரு மாதிரி, யூனிக்ஸில் வேறு மாதிரி. இரண்டுக்கும் தனித்தனியாக எழுதத் தொடங்கினால், எங்கும் ஓடும் என்ற வாக்குறுதி போய்விடும்.

உரைக்குள் தேடும் வசதியிலும் இதே கதைதான். பிற மொழிகளில் இருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் லுவாவில் கிடையாது. அதற்குப் பதில் சொந்தமாக ஒரு சிறு பேட்டர்ன் முறை உண்டு. யெருசலிம்ஸ்கி எழுதி 2003-இல் வெளிவந்த "புரோகிராமிங் இன் லுவா" நூல் இதற்கு வெளிப்படையான காரணம் சொல்கிறது. பாசிக்ஸ் தரத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை எழுதினால் 4,000 வரிகளுக்கு மேல் போகும். அன்றைய லுவாவின் எல்லா லைப்ரரிகளையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. லுவாவின் சொந்த முறையோ 500 வரிக்குள் முடிந்தது.

இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. லுவா தனியாக ஓடுவதற்காகப் பிறந்த மொழி அல்ல. இன்னொரு நிரலுக்குள் உட்காரப் பிறந்தது. வீட்டுக்காரரிடம் பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கும்போது குடிவருபவர் எதற்கு அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? விளையாட்டுக்குள் இருக்கும் லுவாவுக்குப் படம் வரையும் ஃபங்ஷன்களை விளையாட்டு கொடுக்கும். ரெடிஸ் தரவுக்கிடங்குக்குள் இருக்கும் லுவாவுக்குத் தரவை எடுக்கும் ஃபங்ஷன்களை ரெடிஸ் கொடுக்கும். பல இடங்களில் வீட்டுக்காரர் குடிவருபவரின் பெட்டியையும் சோதிப்பார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்குள் கோப்புகளைத் திறக்கும் லைப்ரரியே கிடையாது, பாதுகாப்புக்காக எடுத்துவிட்டார்கள். எனவே "லுவாவுக்கு நல்ல லைப்ரரி எது?" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த வீட்டு லுவா?" என்ற கேள்வி வருகிறது. இது புரியாமல் இணையத்தில் கண்ட லைப்ரரியை எல்லாம் இறக்கிவிட்டு, ஓடவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

ஆனால் எல்லோரும் வாடகை வீட்டிலேயே இருக்கவில்லை. லுவாவைத் தனியாக ஓட்டி இணையத்தளம் செய்ய நினைத்தவர்களும் வந்தார்கள். காலி அலமாரியை நிரப்பியவர்கள் அவர்கள்தான். முதலில் சொல்ல வேண்டியது தியேகோ நெகாப் எழுதிய லுவாசாக்கெட். இணையத் தொடர்புக்கான அடிப்படை லைப்ரரி இது. லுவாவை இணையத்தளங்களுக்குப் பயன்படுத்தப் பிரேசிலில் தொடங்கிய கெப்ளர் திட்டத்திலிருந்து லுவாஃபைல்சிஸ்டம் வந்தது. மூன்றாம் நாள் மாணவரைத் திகைக்கவைத்த கோப்புறைப் பட்டியலுக்கு இதுதான் மருந்து. பேட்டர்ன் முறை போதாத இடங்களுக்கு யெருசலிம்ஸ்கியே எல்பெக் என்ற லைப்ரரியை எழுதினார். பிரையன் ஃபோர்டு 2004-இல் முன்வைத்த இலக்கண முறையை அடிப்படையாகக் கொண்டது அது. சொற்களைத் தேடுவது மட்டுமல்ல, ஒரு முழு மொழியின் இலக்கணத்தையே அதில் எழுதிவிடலாம். மொழியை வடிவமைத்தவரே எழுதியும் அதை மொழிக்குள் சேர்க்கவில்லை, வெளியேதான் வைத்தார் என்பது கவனிக்க வேண்டியது. வரியைப் பிரிப்பது, பட்டியலை வடிகட்டுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஸ்டீவ் டோனோவன் தொடங்கிய பென்லைட் இருக்கிறது. பைதானின் வசதிகளைப் பார்த்துச் செய்தது. பைதானிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வரைகலை மூலம் கற்க விரும்புபவர்களுக்கு 2008-இல் வெளிவந்த லவ் என்ற இருபரிமாண விளையாட்டுக் கட்டகத்தைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

இவற்றை எல்லாம் எங்கே தேடுவது? தொடக்கத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தில் கிடந்தது. 2007-இல் லுவாராக்ஸ் வந்தது. இதை எழுதிய ஹிஷாம் முகமதும் பிரேசில்காரர்தான். ஒரு கட்டளை கொடுத்தால், வேண்டிய லைப்ரரியையும் அது சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் இறக்கி நிறுவிவிடும். லைப்ரரிப் பொதிகளுக்கு "ராக்" என்று பெயர். நிலாவிலிருந்து கொண்டுவரும் கல் அல்லவா!

லுவாராக்ஸ் வந்தும் ஒரு காயம் ஆறவில்லை. லுவாவின் ஆசிரியர்கள் பழையதை உடைக்கத் தயங்காதவர்கள். உள்ளே குடியிருக்கும் மொழிக்கு இது பெரிய குற்றமல்ல, வீட்டுக்காரர் தமக்குப் பிடித்த பதிப்போடு நின்றுகொள்ளலாம். லைப்ரரி எழுதுபவருக்கோ இது சோதனை. 2006-இல் வந்த 5.1 பதிப்பு, லைப்ரரிகளை எழுத "மாட்யூல்" என்ற ஃபங்ஷனைத் தந்தது. பலரும் அதை நம்பி எழுதினார்கள். 2011-இல் வந்த 5.2 அதைக் கைவிட வேண்டியதன் பட்டியலில் போட்டது. வேறு சில ஃபங்ஷன்கள் இடம் மாறின, சில காணாமல் போயின. இதற்கு நடுவே மைக் பால் என்ற ஜெர்மானியர் 2005 முதல் லுவாஜிட் என்ற ஒன்றைச் செய்துவந்தார். லுவா நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் இது அசுர வேகம் கொண்டது. அதுவோ 5.1-ஐயே அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிந்தைய பதிப்புகளிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டது. வேகம் வேண்டியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஓப்பன்ரெஸ்டி இணைய வழங்கி லுவாஜிட்டில்தான் ஓடுகிறது, நியோவிம் உரைத்தொகுப்பியும் பெரும்பாலும் அப்படித்தான். லுவாவோ 2015-இல் 5.3, 2020-இல் 5.4 என்று தன் வழியே நடந்தது. ஆகவே லைப்ரரி தேடுபவர் பார்க்க வேண்டிய முதல் வரி அது என்ன செய்யும் என்பதல்ல, எந்தப் பதிப்பில் ஓடும் என்பதுதான். 5.1 முதல் 5.4 வரையும் லுவாஜிட்டிலும் ஓடும் என்று எழுதியிருந்தால், அதை எழுதியவர் பட்ட பாட்டை நினைத்து ஒரு நன்றி சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம்.

மொழி யாருடையது

பிரேசிலில் பிறந்தும் லுவாவின் முக்கியச் சொற்கள் எல்லாம் ஆங்கிலம். இஃப், தென், எண்ட். மின்மடல் குழு 1997-இல் தொடங்கியபோது அதன் மொழியும் ஆங்கிலம். லுவாவின் முதன்மை நூல் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது, எழுதியவரின் தாய்மொழி போர்த்துக்கீசியமாக இருந்தும். உலகுக்குப் போக அதுதான் வழி என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும். உள்நாட்டுக்காகக் கதவை மூடிய ஒரு கொள்கையின் நிழலில் பிறந்த மொழி, உள்ளூர் மொழியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வெளியே போக முடிந்தது.

மற்ற மொழிக்காரர்களின் எழுத்தை லுவா எப்படி நடத்துகிறது? லுவாவுக்கு எழுத்து என்று ஒன்றே தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக 15. அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் பைட்டுகளைத் திருப்பிவைத்துக் குப்பையைத் தரும். 5.3 பதிப்பில்தான் யூடிஎஃப்-8-க்கென ஒரு சிறு லைப்ரரி மொழியோடு சேர்ந்தது. அதனிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, மி, ழ் என்று மூன்று எழுத்து என்று சொல்ல, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும் வேலையை நாமேதான் எழுத வேண்டும். பத்துப் பதினைந்து வரி வேலைதான், லுவா கற்பவருக்கு நல்ல பயிற்சியும்கூட. மாறிலிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழில் பெயர் வைக்கச் சாதாரண லுவா விடாது. லுவாஜிட் விடும். டேபிளின் உள்ளே வைக்கும் பெயர்களுக்கோ எதிலும் தடையில்லை, மேற்கோள் குறிக்குள் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

இது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னால் லுவா ஓடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் இதில் அடக்கம். ஒரு கட்டுரையின் வலப்பக்கத்தில் தெரியும் தகவற்பெட்டி, அடியில் வரிசையாக நிற்கும் மேற்கோள்கள் இவற்றில் பலவற்றை லுவா நிரல்களே கட்டித்தருகின்றன. அங்கேயும் அதே வீட்டுக்காரர் வழக்கம்தான். கோப்பைத் திறக்க முடியாது, இணையத்துக்குப் போக முடியாது, லுவாராக்ஸ் எதுவும் செல்லாது. பதிப்பு 5.1, எனவே 5.3-இன் யூடிஎஃப்-8 லைப்ரரியும் கிடையாது. அதற்கு ஈடாக விக்கிமீடியா தன் சொந்த லைப்ரரி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதில் யூனிகோடு உரைகளுக்கென ஒரு தனிப் பகுதி உண்டு. தமிழ்ச் சொல்லை அகரவரிசையிலோ நீளத்திலோ கையாள வேண்டிய நிரலை அங்கே எழுதுபவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.